மிச்சிகன்கிட்ட தோத்த ஒஹையோ ஸ்டேட் எப்படி சாம்பியன் ஆச்சு? நவம்பர் கடைசி மேட்சுக்கு இனிமே மதிப்பு இருக்கா இல்லையா?

பக்கை_புதுசு

வணக்கம் மக்களே. கொலம்பஸ்ல, ஒஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டில எம்எஸ் படிக்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பால்னா என்னன்னே தெரியாம வந்தவன், ரூம்மேட் புண்ணியத்துல 2024 சீசன்லேர்ந்து காலேஜ் ஃபுட்பால் பைத்தியம் புடிச்சுப் போச்சு. ரூல்ஸ் எல்லாம் ஓரளவு பிடிபட்டுடுச்சு, ஆனா இந்த ரேங்கிங், பிளேஆஃப் (சீசன் கடைசில சாம்பியன முடிவு பண்ற நாக்அவுட்) கணக்கு மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது.

2024 நவம்பர் 30 மிச்சிகன் மேட்ச் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாம ரேங்க் 2, அவனுங்க அதுவரைக்கும் 6 மேட்ச் ஜெயிச்சு 5 தோத்து தள்ளாடிட்டு இருந்த டீம், கிட்டத்தட்ட 20 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிப்போம்னு பெட்டிங் கணக்கெல்லாம் சொல்லிச்சு, அதுவும் நம்ம கிரவுண்ட்ல. கடைசில 13-10. பாஸ் போடற நம்ம குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் ரெண்டு இன்டர்செப்ஷன் (எதிரி கைக்குப் போற பாஸ்) கொடுத்தாரு, கிக்கர் ரெண்டு ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல அடிச்சா மூணு பாயின்ட்) விட்டாரு, ரெண்டுமே 40 யார்டுக்கு உள்ளேர்ந்து அடிச்சது. மிச்சிகன் பாஸ் போட்டு எடுத்ததே மொத்தம் 62 யார்டுதான், நம்பவே முடியல, ஓடி ஓடியே வந்து 45 செகண்ட் மிச்சம் இருக்கும்போது 21 யார்டு கிக் ஒண்ணு அடிச்சு முடிச்சுட்டானுங்க. அப்புறம் நடு கிரவுண்ட்ல கொடிய நட்டு, அதுல அடிதடியாகி, போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடிச்சு, பெரிய கூத்து. அன்னிக்கு ராத்திரி கோச் ரையன் டேவை திட்டாத ஆளே இந்த ஊர்ல இல்ல.

ஆனா ஜனவரி 20ல அதே டீம், அதே கோச், அட்லாண்டால நோட்டர் டேமை 34-23ன்னு அடிச்சு சாம்பியன்!

சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா ரூம்மேட்டோட அப்பா "எங்க காலத்துல நவம்பர்ல தோத்தா அத்தோட சீசன் முடிஞ்சுது, இப்ப எவனும் பயப்படுறதில்ல" அப்படின்னு ஒரே புலம்பல். நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சா? அப்போ இப்ப இந்த கடைசி ரெண்டு வாரத்து ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்லையா? பழைய ஆளுங்க யாராவது விளக்குங்க ப்ளீஸ்.

---

டெல்டாக்காரன்

தம்பி, அவர் சொல்றது முக்கால்வாசி சரி. மீதி கால்வாசி எங்க ஊர்ல இருக்கு, நான் இருக்கறது பேட்டன் ரூஜ், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) ஊரு.

மொதல்ல கணக்க சொல்லிடறேன். 1998லேர்ந்து 2013 வரைக்கும் பிசிஎஸ்னு ஒண்ணு இருந்துச்சு. சீசன் முடிஞ்சதும் ரேங்கிங்ல மொத ரெண்டு இடத்துல யார் இருக்கானோ அவங்க மட்டும் ஃபைனல் ஆடுவாங்க, மூணாவது வந்தவன் டிவில பாக்க வேண்டியதுதான். அந்த ரேங்கிங்கை ரெண்டு ஓட்டெடுப்பும் கொஞ்சம் கம்ப்யூட்டர் கணக்கும் சேர்த்துப் போட்டானுங்க. 2014லேர்ந்து கமிட்டி வெச்சு நாலு டீம், 2024லேர்ந்து பன்னெண்டு டீம். ரெண்டு டீம்தான்னு இருந்த காலத்துல நவம்பர் கடைசில தோத்தா திரும்ப மேல ஏற வாரமே மிச்சம் இருக்காது, செப்டம்பர்ல தோத்தவனுக்கு ரெண்டரை மாசம் டைம் இருக்கும். ஓட்டுப் போடறவனும் மனுஷன்தானே, போன வாரம் பாத்ததுதான் கண்ணுல நிக்கும்.

ஆனா 2007னு ஒரு வருஷம் வந்துச்சு பாருங்க, அந்த மாதிரி கூத்தை நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல பின்னாடியும் பாக்கல. செப்டம்பர் 1ம் தேதியே சகுனம் சொல்லிட்டான், ரேங்க் 5ல இருந்த மிச்சிகன் சொந்த கிரவுண்ட்ல அப்பலாச்சியன் ஸ்டேட்டுங்கற கீழ் டிவிஷன் டீம்கிட்ட 34-32ன்னு தோத்தான். அப்புறம் அக்டோபர்லேர்ந்து ரெண்டாம் நம்பர் நாற்காலில எவன் போய் உக்காந்தாலும் அடி. யூஎஸ்சி போய் ஸ்டான்ஃபோர்டுகிட்ட 24-23 தோத்துச்சு, 41 பாயின்ட் ஃபேவரைட்டா இருந்த டீம் அது. கலிஃபோர்னியா ஒரேகன் ஸ்டேட்கிட்ட. சவுத் ஃபுளோரிடா ரட்கர்ஸ்கிட்ட. பாஸ்டன் காலேஜ், அப்புறம் ஒரேகன், ஒரேகன் தோத்ததுக்கு அவங்க குவார்ட்டர்பேக் டென்னிஸ் டிக்சன் முழங்கால் போனதுதான் காரணம், அந்தப் பையன் மட்டும் நின்னிருந்தா கதையே வேற. நவம்பர் 24ல கான்சஸ், மிசூரிகிட்ட 36-28. ஒண்ணாம் நம்பர் மட்டும் சும்மா இருந்தானா, ஒஹையோ ஸ்டேட் நவம்பர் 10ல இல்லினாய்கிட்ட உங்க கொலம்பஸ்லயே 28-21 தோத்தான்.

எங்க டீம் கதைய கேளுங்க. அக்டோபர்ல ஒண்ணாம் நம்பரா இருந்து கென்டக்கிகிட்ட மூணு ஓவர்டைம் போய் 43-37. திரும்ப கஷ்டப்பட்டு ஒண்ணாம் நம்பருக்கு ஏறி, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆர்க்கன்சா இங்க வந்தான். டேரன் மக்ஃபேடன்னு ஒரு ரன்னிங் பேக் (பந்த வாங்கிட்டு ஓடறவன்), அவன எவனும் புடிக்க முடியல. மறுபடியும் மூணு ஓவர்டைம், நாங்க டச்டவுன் (பந்த எதிரி எல்லைக்குள்ள கொண்டு போறது, ஆறு பாயின்ட்) போட்டு 50-48க்கு வந்துட்டோம், அடுத்த முயற்சில ரெண்டு பாயின்ட் எடுத்தா சமம், எங்க குவார்ட்டர்பேக் மேட் ஃப்ளின் போட்ட பாஸ்ஸ அவனுங்க கைல வாங்கிட்டானுங்க. அவ்ளோதான். சீசன் முடிஞ்சுதுன்னு பார்க்கிங் லாட்ல அடுப்ப அணைச்சுட்டு, சட்டில மிச்சம் இருந்த கம்போவ (எங்க ஊர் குழம்பு) பக்கத்து டென்ட்டுக்குக் குடுத்துட்டு எல்லாம் கெளம்பிட்டோம். அடுத்த ரேங்கிங்ல நாங்க ஏழாவது.

டிசம்பர் 1, கடைசி சனிக்கிழமை. நாங்க அட்லாண்டால டென்னசியை 21-14ன்னு ஜெயிச்சு எஸ்ஈசிங்கற எங்க கான்ஃபரன்ஸ் (சில காலேஜுங்க சேர்ந்த லீக்) கப் வாங்கினோம், சரி ஏதோ ஒரு நல்ல பவுல் மேட்ச் (சீசன் முடிஞ்சதும் நடக்கற தனி மேட்ச்) கிடைக்கும்னு இருந்தோம். அன்னிக்கு ராத்திரி மிசூரி ரேங்க் 1, ஓக்லஹோமாகிட்ட 38-17. வெஸ்ட் வர்ஜீனியா ரேங்க் 2, பிட் (பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டி)கிட்ட 13-9. ரெண்டும் ஒரே ராத்திரி! மூணாவதா இருந்த ஒஹையோ ஸ்டேட் எதுவும் செய்யாமலே ஒண்ணாவது, நாங்க ஏழுலேர்ந்து நேரா ரெண்டு. நாலாவதா இருந்த ஜார்ஜியாவும் அஞ்சாவது கான்சஸும் அவங்க கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கே போகல, ஆறாவது வர்ஜீனியா டெக்க நாங்க செப்டம்பர்ல 48-7ன்னு தொவைச்சிருந்தோம், அதனால எங்கள தூக்கி மேல வெச்சானுங்க. ஜார்ஜியாக்காரன்கிட்ட இப்ப பேசினாலும் பல்ல கடிப்பான். நியூ ஆர்லியன்ஸ்ல ஜனவரி 7ம் தேதி ஒஹையோ ஸ்டேட்ட 38-24 அடிச்சு சாம்பியன். ரெண்டு மேட்ச் தோத்துட்டு பிசிஎஸ் ஃபைனலுக்குப் போனது நாங்க மட்டும்தான்.

அதனால நவம்பர்ல தோத்தா செத்தோம்னு எழுதி வெச்ச சட்டம் எதுவும் இல்ல. நமக்கு அப்புறம் தோக்கறதுக்கு வேற எவனாவது இருக்கானா இல்லையாங்கறதுதான் கணக்கு. மிசூரிய பாருங்க, கான்சஸ நேருக்கு நேர் ஜெயிச்சவன் அவன், ஆனா ஒரு வாரம் தள்ளி தோத்ததால அவனுக்கு சின்ன மேட்சான காட்டன் பவுல், அவன்கிட்ட தோத்த கான்சஸுக்கு பெரிய மேட்சான ஆரஞ்ச் பவுல். இதுக்கு என்ன நியாயம் சொல்வீங்க?

---

ராஜி_பிட்ஸ்பர்க்

டெல்டா அண்ணா, அந்த 13-9 ஐ ஒரே வரில தாண்டிப் போயிட்டீங்களே, எங்க ஊர்ல அத இன்னும் டீ ஷர்ட்ல போட்டுட்டு சுத்தறாங்க 😄

அது பேக்யார்ட் ப்ரால்னு பேரு, பிட்டுக்கும் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும் நூறாவது மோதல், கார்ல ஒண்ணேகால் மணி நேரத்துல போற தூரம்தான் ரெண்டு ஊருக்கும், பகை மட்டும் நூறு வருஷத்துக்கு மேல. பிட் அந்த வருஷம் 4 ஜெயிச்சு 7 தோத்த டீம். நாலு டச்டவுன் வித்தியாசத்துல தோப்போம்னு எங்க ஆளுங்களே சொல்லிட்டு இருந்தாங்க. வெஸ்ட் வர்ஜீனியா ஜெயிச்சா போதும், ஃபைனல், அதுவும் அவங்க சொந்த கிரவுண்ட்.

நடந்தது என்னன்னா மொத பாதிலயே பேட் வைட்டுக்கு, அவங்க குவார்ட்டர்பேக்குக்கு, கட்டைவிரல் அடிபட்டு வெளிய போயிட்டாரு, கடைசில திரும்ப வந்தாரு, ஆனா பிரயோஜனம் இல்ல. இன்னொரு பக்கம் கிக்கர் ரெண்டு ஃபீல்டு கோல் விட்டாரு, அதுல ஒண்ணு வெறும் 20 யார்டு. அந்த கிக்கர் யாருன்னு தெரியுமா, இப்ப டிவில கை இல்லாத பனியன் போட்டுட்டு கத்திப் பேசறாரே பேட் மக்கஃபி, அவரேதான், அவரும் பிட்ஸ்பர்க் பக்கத்துப் பையன் வேற. எங்க பக்கம் லெஷான் மக்காய் மொத வருஷப் பையன், 148 யார்டு ஓடினான். அந்த 9ல கடைசி ரெண்டு பாயின்ட் கூட நாங்களா குடுத்ததுதான், 13-7ல கடைசி ப்ளேல பந்தை வெச்சுட்டு நேரத்த ஓட்டி வேணும்னே சேஃப்டி (சொந்த எல்லைக்குள்ள பந்தோட நின்னு எதிரிக்குக் குடுக்கற ரெண்டு பாயின்ட்) குடுத்து முடிச்சாங்க.

என் வீட்டுக்காரர் பிட் பழைய ஸ்டூடன்ட், எங்க கல்யாண ஆல்பம் எங்க இருக்குன்னு கேட்டா முழிப்பாரு, அந்த மேட்ச் ரெக்கார்டிங் எந்த அலமாரில இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாரு. ரெண்டே வாரத்துல அவங்க கோச் ரிச் ராட்ரிகஸ் மிச்சிகனுக்குப் போயிட்டாரு, ஒரு ராத்திரி அவங்களுக்கு டீமையே மாத்திப் போட்டுச்சு.

பக்கை தம்பி, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். இப்ப அதே வெஸ்ட் வர்ஜீனியா அதே மாதிரி தோத்தா அஞ்சாவதோ ஆறாவதோ போயி பிளேஆஃப் ஆடுவாங்க. 4-7 டீமு ஒருத்தன் வருஷத்தையே கவுத்துட்டான்னு சொல்லிக்கற சுகம் எங்களுக்குக் கெடைக்காது. எனக்கு அதுல வருத்தம்தான்.

---

ஐபிஎல்_போதும்

நடுவுல புகுந்து பேசறேன், மன்னிச்சுக்கோங்க. கமிட்டி உக்காந்து யார் நல்ல டீம்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்றது என்னங்க விளையாட்டு? ஐபிஎல்ல பாயின்ட் டேபிள் இருக்கு, நெட் ரன் ரேட் இருக்கு, மொத நாலு பேரு உள்ள, மத்தவன் வெளிய, எவனும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. இங்க என்னடான்னா ஏழுலேர்ந்து ரெண்டாம், கேக்கவே சிரிப்பா வருது.

---

டல்லாஸ்_முரளி

@ஐபிஎல்_போதும் ப்ரோ, ஐபிஎல்ல பத்து டீம், எல்லாரும் எல்லார்கூடயும் ஆடறான். இங்க மேல் டிவிஷன்ல மட்டும் 130க்கு மேல காலேஜ், ஒருத்தனுக்கு 12 மேட்ச், பாதிப் பேர் மீதிப் பேர பாக்கவே மாட்டான். எவன் யார்கூட ஆடினான்னு பாக்காம வெறும் பாயின்ட் டேபிள் போட்டா எளிய எதிரிகளா புடிச்சுப் போட்டு 12-0 காட்டுவான். கமிட்டிய நானும் திட்டுவேன், ஆனா வேற வழி சொல்லுங்க பாப்போம்.

இப்ப பக்கை தம்பிக்கு. கடைசி வார மேட்சுக்கு மதிப்பு போயிடுச்சுன்னு ராஜி அக்கா சொல்றது எனக்கு ஒப்பல. மதிப்பு எடம் மாறியிருக்கு, அவ்ளோதான். முன்ன 1, 2, 3 இடத்துல இருக்கறவன் நடுங்கினான், இப்ப 9லேர்ந்து 14 வரைக்கும் இருக்கறவன் நடுங்கறான். 2024 நவம்பர் 23 ஒரு சனிக்கிழமைய மட்டும் எடுங்க. அலபாமா ஓக்லஹோமாகிட்ட 24-3, டச்டவுனே போடல, அவங்க குவார்ட்டர்பேக் மில்ரோ மூணு இன்டர்செப்ஷன். ஓல் மிஸ் ஃபுளோரிடாகிட்ட 24-17. டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆபர்ன்கிட்ட நாலு ஓவர்டைம் போய் 43-41. மூணு டீமோட பிளேஆஃப் கனவுக்கும் ஒரே நாள்ல பெரிய அடி, அதுக்கு மதிப்பு இல்லேன்னா எதுக்குங்க மதிப்பு?

அடுத்த சனிக்கிழமை இன்னும் கூத்து. கிளெம்சன் மத்தியானம் சவுத் கேரலைனாகிட்ட 17-14 தோத்து, போச்சுடா சாமின்னு உக்காந்திருக்கான். சாயங்காலம் மயாமி சிரக்யூஸ்ல 21-0 முன்னால இருந்து 42-38ன்னு தோக்கறான். மயாமி தோத்ததால மத்தியானம் தோத்த கிளெம்சனுக்கு ஏசிசி கான்ஃபரன்ஸ் ஃபைனல் சீட்டு! எதிர்ல எங்க ஊர் எஸ்எம்யூ. டல்லாஸ்ல நாங்க ஒரு பத்துப் பேர் சேர்ந்து பாத்தோம். 31-14 பின்னால இருந்து எங்க பசங்க வந்து 16 செகண்ட் இருக்கும்போது 31-31 ஆக்கினாங்க, வீடே கத்துது, ஓவர்டைம்தான்னு ஒருத்தன் பீட்சா சூடு பண்ண எழுந்து போயிட்டான். கிக்காஃப வாங்கினவன் நடு கிரவுண்ட் கிட்ட வரைக்கும் ஓடிட்டான், ஒரே ஒரு பாஸ், அப்புறம் மொத வருஷப் பையன் நோலன் ஹவுசர் 56 யார்டுலேர்ந்து அடிச்சான் பாருங்க, கம்பத்துக்கு நடுவுல. 34-31. பீட்சாக்காரன் வந்து என்னாச்சுங்கறான்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை கமிட்டி வாயையே பாத்துட்டு இருந்தோம். எஸ்எம்யூ 11-2, அலபாமா 9-3. எங்களுக்குப் பத்தாவது, அலபாமாவுக்குப் பதினொண்ணாவது, உள்ள எங்க ஆளு. ரேங்க் 16ல இருந்த கிளெம்சன் கான்ஃபரன்ஸ் கப் ஜெயிச்சதால உள்ள வந்தான், அதனால பதினொண்ணாவது அலபாமா வெளிய. அப்புறம் பென் ஸ்டேட் கிரவுண்ட்ல அந்தக் குளிர்ல போய் 38-10 வாங்கிட்டு வந்தோம், அத பத்தி யாரும் கேக்காதீங்க.

---

ஸ்கார்பரோ_சிவா

வணக்கம் தம்பி பக்கை. நான் மிச்சிகன் ஆள், அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு பக்கச்சார்பு எண்டு சொல்லாதேங்கோ. டொரன்டோவில இருந்து ஆன் ஆர்பருக்கு நாலு, நாலரை மணித்தியாலம், போடரில லைன் இல்லாட்டி.

உங்கட கேள்விக்கு 2007க்குப் போகத் தேவையில்லை, எங்கட ரெண்டு டீமுக்குள்ளயே மறுமொழி கிடக்கு. 2006 நவம்பர் 18. ஒண்டாம் நம்பர் ஒஹையோ ஸ்டேட், ரெண்டாம் நம்பர் மிச்சிகன், ரெண்டு பேரும் 11-0. அதுக்கு முதல் நாள்தான் எங்கட பழைய கோச் போ ஷெம்பெக்லர் செத்தவர், மேட்ச் தொடங்க முதல் கொலம்பஸ் கிரவுண்டே அவருக்காக அமைதியா நிண்டது, எதிரி ஊரில. 42-39, உங்கட ஊரில மூண்டே மூண்டு புள்ளியால தோத்தம். அந்த வருசம் நாங்கள் தோத்த முதல் மேட்ச் அது. ரெண்டாம் நம்பர் டீம் ஒண்டாம் நம்பர் டீமிட்ட அவன்ர வீட்டில மூண்டு புள்ளியால தோக்கிறது பெரிய குற்றமோ?

பிறகு யூஎஸ்சி எங்களைத் தாண்டிப் போட்டுது. டிசம்பர் 2 அவையள் யூசிஎல்ஏயிட்ட 13-9க்குத் தோத்தினம் (ஓம் ராஜி அக்கா, அதுவும் 13-9 தான்). கதவு திறந்திட்டுது எண்டு நாங்கள் துள்ளுறம். அண்டைக்கே புளோரிடா எஸ்ஈசி ஃபைனலில ஆர்க்கன்சாவை வெண்டு, நாலாவதா இருந்தவை எங்களுக்கு மேல ஏறிட்டினம். அந்தக் கிழமை எங்களுக்கு மேட்சே இல்லை, சும்மா வீட்டில இருந்ததுக்குக் கீழ தள்ளி விட்டவை. ஃபைனலில புளோரிடா உங்களை 41-14க்கு வெளுத்தது. முதல் கிக்காஃபையே டெட் கின் டச்டவுனுக்கு ஓடினவர், அதைக் கொண்டாடேக்க கால் அடிபட்டு அவர் வெளியால போனதோட உங்கட கதையும் முடிஞ்சுது.

இப்ப ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. 2006ல 11-0 ஆக இருந்து மூண்டு புள்ளியால தோத்த எங்களுக்கு ரெண்டாந்தரம் ஒரு சந்தர்ப்பம் தரேல்லை. 2024ல 6-5 டீமிட்ட சொந்த வீட்டில மூண்டு புள்ளியால தோத்த உங்களுக்குத் தந்தவை, நீங்கள் கப்பையும் தூக்கினியள். அது உங்கட பிழை இல்லை. டென்னசியை 42-17, ரோஸ் பவுலில ஒரேகனை 41-21, பிறகு டெக்சஸ், பிறகு நோட்டர் டேம், ஒழுங்கா வெண்டுதான் எடுத்தனியள், அதில எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனா 2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு வருசம் தொடர்ந்து எங்களிட்ட தோத்தனியள் எண்டதும் உண்மை, அதை எந்த பிளேஆஃப் வந்தும் அழிக்கேலாது 😁

---

பக்கை_புதுசு

ஆஹா, சிவா அண்ணா கடைசி வரில வெச்சுட்டீங்களே. எல்லாருக்கும் நன்றி, இப்பதான் முழுசா புரியுது.

ஒரு சந்தேகம் மட்டும். நாங்க அன்னிக்கு மிச்சிகன ஜெயிச்சிருந்தா எங்க கான்ஃபரன்ஸான பிக் டென் ஃபைனல் ஆடியிருப்போம்ல, அந்த எடத்துக்கு பென் ஸ்டேட் போய் ஒரேகன்கிட்ட 45-37 தோத்துச்சு. நாங்க வீட்டுல ரெஸ்ட் எடுத்தோம். அப்போ தோத்ததே லாபமா போச்சுன்னு ரூம்மேட் சொல்றான், இது ஓவரா இல்ல?

---

டல்லாஸ்_முரளி

ஓவர் இல்ல தம்பி, அதுல விஷயம் இருக்கு. அந்த வருஷம் மொத ரவுண்டு ஆடாம நேரா காலிறுதிக்குப் போன நாலு டீமும், ஒரேகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், நாலுமே அந்த காலிறுதிலயே தோத்துச்சு. ரொம்ப நாள் ஆடாம உக்காந்து துருப்பிடிச்சுட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது பாதிதான் ஒப்பும். எதிர்ல வந்தவனுங்க நெஜமாவே பலமான டீமுங்க, அதுதான் பெரிய காரணம். சீடிங்கே (யார் யார்கூட ஆடணும்னு முடிவு பண்ற வரிசை) கோணலா இருந்துச்சு, கமிட்டி ரேங்க் 6ல இருந்த உங்களுக்கு சீட் 8, ரேங்க் 9 பாய்சிக்கும் ரேங்க் 12 அரிசோனா ஸ்டேட்டுக்கும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ங்கறதால பை, அதாவது மொத ரவுண்டு ஆட வேண்டாம். அதனாலதான் ஒண்ணாம் நம்பர் ஒரேகன் போய் காலிறுதிலயே உங்ககிட்ட மாட்டினான். அக்டோபர்ல உங்கள 32-31 ஜெயிச்சவன் அவன், பாவம்.

---

டெல்டாக்காரன்

அத 2025 மே மாசம் மாத்திட்டானுங்க. 2025 சீசன்லேர்ந்து கமிட்டி ரேங்கிங் என்னவோ அதுதான் சீடிங், மொத நாலு ரேங்குக்குத்தான் பை, அவன் சாம்பியனா இல்லையான்னு பாக்க மாட்டான். அஞ்சு சாம்பியனுக்கு உள்ள வர எடம் மட்டும் உறுதி. அதனால கடைசி வாரத்துல நாலுலேர்ந்து அஞ்சுக்கு எறங்கறவனுக்கு இனிமே வலி ஜாஸ்தி, முரளி சொன்ன நடுக்கம் இன்னொரு எடத்துலயும் வரும், பாருங்க.

ராஜி அம்மா வருத்தம் எனக்கும் உண்டு, ஆனா டிசம்பர்ல காலேஜ் கேம்பஸ்லயே பிளேஆஃப் மேட்ச் நடக்கறது இருக்கே, கொலம்பஸ்ல டென்னசிக்காரன் ஆரஞ்ச் சட்டைல அந்தக் குளிர்ல வந்து நெறைஞ்சிருந்தான், அத பாத்ததுலேர்ந்து பழைய பிசிஎஸ் திரும்ப வேணும்னு எனக்குத் தோணல. எங்க டீமு அந்தப் பன்னெண்டுல எப்ப வரும்னு கேக்காதீங்க.

தம்பி, 2025 ஆகஸ்ட் 30 டெக்சஸ் உங்க ஊருக்கு வருது, ஸ்டூடன்ட் டிக்கெட் வாங்கிட்டீங்களா இல்லையா?

---

பக்கை_புதுசு

வாங்கியாச்சு அண்ணா, வித்தா ஒரு மாச வாடகை வரும்னு ரூம்மேட் சொல்றான், குடுக்க மாட்டேன்னுட்டேன்.

---

ஸ்கார்பரோ_சிவா

வில்லுங்கோ தம்பி. நவம்பர் 29 ஆன் ஆர்பருக்கு வாங்கோ, என்ர காரில இடம் இருக்கு, மிச்சிகன் நீல ஜாக்கெட் நான் தாறன்.